ஆறுதலா வாங்கோ

வண்டி எங்கள் வாசலில் வந்து நின்றபோது ஆக்லாந்தின் பிளாக்ஹவுஸ் பே பகுதியில் எங்கள் தெரு முழுக்கத் திரைச்சீலைகள் அசைந்தன. லாரி உயரம். உள்ளே அடுப்பு, படுக்கை, குளிர்பெட்டி, கழிப்பறை எல்லாம் உண்டு. மோட்டார்ஹோம் என்று பெயர். ஓட்டுநர் இருக்கையில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு லெட்சுமி அக்கா உட்கார்ந்திருந்தார். என் கணவர் வாசற்படியில் நின்றபடி, "பொம்பளைங்க மூணு பேர் மட்டுமா?" என்று அன்று காலையிலிருந்து கேட்டதையே மறுபடியும் கேட்டார். "ஆமா. குழம்பு பிரிட்ஜ்ல இருக்கு, பிள்ளைங்க தோட்டத்துல இருக்காங்க, ரெண்டையும் மாத்திராதீங்க" என்று சொல்லிவிட்டு ஏறினேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்த கதை இது. அப்போது ஆக்லாந்தில் தமிழ்ப் பெண்கள் மூன்று பேர் புருஷன், பிள்ளைகளை விட்டுவிட்டு ஒரு நீண்ட வார இறுதிக்கு ஊர் சுற்றக் கிளம்பினால் அது செய்தி. அடுத்த வெள்ளிக்கிழமை பூஜையில் எங்களைப் பற்றித்தான் பேச்சாக இருக்கும் என்று தெரியும். இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

லெட்சுமி அக்கா மலேசியாவில் கிள்ளான் ஊர்க்காரர். பென்ரோஸில் ஒரு சரக்குக் கிடங்கிலிருந்து வேன் ஓட்டிப் பொட்டலங்கள் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. எங்கள் மூவரில் மூத்தவர், பயம் என்றால் என்னவென்று தெரியாதவர். அவருக்கு எந்த வண்டியும் 'காடி'தான். நான் திருச்சி பொன்மலை. அப்பா ரயில்வே. இங்கே ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தேன். மூன்றாவது ஆள் வதனி, யாழ்ப்பாணம். இந்தப் பயணமே அவளுக்காகத்தான்.

வதனி அங்கே கணக்கு வாத்தியாராக இருந்தவள். இங்கே வந்து பென்ரோஸில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். இரண்டு வருடம் விடாமல் விண்ணப்பம் போட்டு, தெற்கே பால்பண்ணைச் சமவெளியில் ஒரு சின்ன ஊர் உயர்நிலைப்பள்ளியில் வேலை கிடைத்தது. நியாயமாகப் பார்த்தால் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். வதனி குதிக்கவில்லை. "ஒருக்கா ஊரைப் பார்த்திட்டுச் சொல்லுறன்" என்றாள். செவ்வாய்க்கிழமை காலை பள்ளிக்கூடத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அவள் கணவருக்கு எங்கே போனாலும் சரி. மகன் இன்னும் பள்ளிக்கூடம் போகாத வயது. முடிவு அவள் கையில்தான் இருந்தது.

எனக்கு அவள் போகக் கூடாது. இதில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை, அவளிடமே சொல்லியிருந்தேன். ஆக்லாந்தில் எனக்குத் தெரிந்தவர்கள் நிறையப் பேர், மனசு விட்டுப் பேச அவள் ஒருத்திதான். லெட்சுமி அக்காவின் கட்சி எதிர்க்கட்சி. "படிச்ச படிப்பு பிஸ்கட் பெட்டிக்குள்ள போவுது. நீ சும்மா இரு லா, கோமதி" என்று என்னை அடக்கிவிடுவார்.

வதனிக்கும் எனக்கும் பழக்கம் ஆனதே ஒரு கூத்து. ஒடாஹுஹுவில் மளிகைக் கடையில் கறிவேப்பிலைக் கட்டுக்கு ஒரே நேரத்தில் கை நீட்டினோம். கட்டைப் பாதியாகப் பிரித்துக்கொண்டோம், தொலைபேசி எண் மாற்றிக்கொண்டோம். இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை வீட்டுக்குக் கூப்பிட்டாள். என்ன விசேஷம் என்று சொல்லவில்லை. நான் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு கிளம்பும் நேரத்தில் வண்டி மக்கர் பண்ணிவிட்டது. வருவதற்கு லேட்டாகும் என்று போன் செய்தேன். அவள் மெல்லிய குரலில், "ஓம் அக்கா, ஒண்டுமில்லை. ஆறுதலா வாங்கோ" என்றாள்.

 ஆறுதலுக்கு வா என்கிறாள் என்றால் அங்கே யாரோ போய்விட்டார்கள் என்றுதானே அர்த்தம்? அந்த நாளில் யாழ்ப்பாணத்திலிருந்து வருகிற சேதியெல்லாம் அப்படித்தான் இருந்தது. பட்டுச்சேலையை அவிழ்த்துப் போட்டுவிட்டு வெள்ளைப் பருத்திச் சேலை கட்டினேன். இனிப்பு டப்பாவை வீட்டிலேயே வைத்துவிட்டுக் கொஞ்சம் ஆப்பிள் எடுத்துக்கொண்டேன். கதவைத் திறந்தவளை அப்படியே கட்டிக்கொண்டு, "மனசைத் திடப்படுத்திக்கோ வதனி" என்று அழுதேன். தோளுக்கு மேலே பார்த்தால் கூடம் நிறையப் பலூன்கள். மகனுக்குப் பிறந்தநாள்.

"ஆறுதலா எண்டால் மெதுவா, அவசரப்படாமல் எண்டு அக்கா!" என்று அவள் சிரித்த சிரிப்பில் கையில் இருந்த கேக் கத்தி கீழே விழுந்தது. எங்கள் ஊரில் ஆறுதல் துக்கத்துக்கு. அவர்கள் ஊரில் அவசரமில்லாத எல்லாவற்றுக்கும் ஆறுதல்தான். ஆறுதலாகச் சாப்பிடுவார்கள், ஆறுதலாகக் கடைக்குப் போவார்கள். அன்று முதல் யார் எங்கே தாமதமானாலும் நாங்கள் ஒருவருக்கொருவர் "மனசைத் திடப்படுத்திக்கோ" என்று சொல்லிச் சிரிப்பது வழக்கமாகிவிட்டது.

சரி, பயணத்துக்கு வருகிறேன்.

நகரத்தை விட்டுத் தெற்கே இறங்கினால் பாம்பே என்று ஒரு ஊர் வரும். பெயர்தான் பாம்பே. மேடு ஏறினால் வெங்காயமும் உருளைக்கிழங்கும் போட்ட சிவப்பு மண், ஒரு பெட்ரோல் பங்க், அவ்வளவுதான். "டிக்கெட் இல்லாம பம்பாய் வந்தாச்சு" என்று நான் சொன்னதற்கு லெட்சுமி அக்கா மட்டும் சிரித்தார். வதனி வரைபடத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தாள். பாம்பேயைத் தாண்டிக் கிழக்கே திரும்பிக் கொஞ்ச தூரம் போனதும் மேடு பள்ளமெல்லாம் முடிந்துபோனது. வெறும் தட்டை. அடிவானம் வரைக்கும் பச்சை, நடுவே நேர்க்கோடாக வாய்க்கால்கள், கறுப்பு வெள்ளை மாடுகள். தஞ்சாவூர்ப் பக்கம் நாற்று நட்ட வயலைப் போலத்தான் இருந்தது, ஆனால் ஒரு ஆள் கூடக் கண்ணில் படவில்லை. நம் ஊரில் அவ்வளவு பச்சைக்கு நடுவே யாராவது குனிந்து நிமிர்ந்துகொண்டிருப்பார்கள். இங்கே மாடுகள்தான் எங்களைத் திரும்பிப் பார்த்தன.

"பாரு, மனுஷ வாசனையே இல்ல" என்று என் பிரச்சாரத்தைத் தொடங்கினேன்.

"மாடு இருக்கில்ல? வாசனைக்கு என்னா கொறச்சல்?" என்றார் லெட்சுமி அக்கா.

பைரோவா என்கிற ஊரில் தேநீருக்கு நிறுத்தினோம். தெருவோரத்தில் ஒரு மாடி உயரத்துக்கு எலுமிச்சைச் சோடா பாட்டில் சிலை வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் தலைவர்கள் நிற்கிற இடத்தில் இங்கே பாட்டில் நிற்கிறது. அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டோம். பக்கத்துக் கடையில் அப்பாவுக்கு ஒரு பட அட்டை வாங்கினேன், ஒரு கொழுத்த மாடு நாக்கை நீட்டிக்கொண்டிருக்கிற படம். அப்பாவுக்கு நியூசிலாந்து என்றால் மலையோ கடலோ கிடையாது. ஒவ்வொரு போனிலும் "அங்க மாடு எவ்வளவும்மா பால் கறக்கும்?" என்றுதான் கேட்பார்.

திரும்பி வந்து வண்டிக் கதவைத் திறந்ததும் புளித்த வாடை முகத்தில் அடித்தது. முந்தின நாள் ராத்திரி அரைத்த தோசை மாவை மூடி போட்ட வாளியில் ஊற்றி, பத்திரமாக இருக்கட்டும் என்று ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் இருந்த அலமாரியில் வைத்திருந்தேன். அந்த இடத்துக்குக் கீழேதான் என்ஜின் சூடு வருகிறது என்று எனக்கு யார் சொன்னார்கள்? ஆக்லாந்துக் குளிரில் இரண்டு நாள் வைத்தாலும் அசையாத மாவு, அந்தச் சூட்டில் மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கி வழிந்து, கீழே இருந்த படுக்கை விரிப்புகளுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

"அலாமாக்! காடி பிள்ள பெத்திருச்சு!" என்று லெட்சுமி அக்கா தலையில் கை வைத்தார்.

வதனி சட்டைக் கையை மடித்துக்கொண்டு விரிப்புகளை வெளியே இழுத்துப் போட்டாள். டெய்ரி என்று இங்கே சொல்கிற தெருமுனைப் பெட்டிக்கடைக்காரர் பின்பக்கக் குழாயைத் திறந்துவிட்டார். மூன்று பேரும் சாலையோரத்தில் உட்கார்ந்து துணி அலசினோம். போகிற வருகிற வண்டிக்காரர்கள் கையைத் தூக்கி வணக்கம் வைத்துவிட்டுப் போனார்கள், ஏதோ நாங்கள் தினமும் அங்கே துணி துவைக்கிறவர்கள் என்பது போல. வாளியில் மிச்சம் இருந்த மாவே ஒரு கல்யாண வீட்டுக்குப் போதும். அதை இனி வைத்திருக்க முடியாது, அன்றைக்கே சுட்டாக வேண்டும்.

டே ஆரோஹா என்ற மலையடிவார ஊருக்குப் பக்கத்தில் முகாம் போட்டோம். கூடாரங்களும் மோட்டார்ஹோம்களும் நிற்க ஒரு புல்வெளி, நடுவே எல்லோருக்கும் பொதுவாக ஒரு பெரிய இரும்புத் தட்டு அடுப்பு. வெள்ளைக்காரர்கள் அதில் இறைச்சி சுடுவார்கள். நான் பார்த்த உடனே, இது தோசைக்கல் என்று முடிவு பண்ணிவிட்டேன். தேங்காய் நார் கொண்டு தேய்க்க வழியில்லை. வெங்காயத்தைப் பாதியாக வெட்டி எண்ணெயில் தொட்டுத் துடைத்துத் துடைத்து முந்தின ஆட்டுக்கறியின் வாசனையைப் போக்கினேன். பொழுது சாயும் நேரத்தில் முதல் தோசை விழுந்தது. அப்படி ஒரு சத்தம், அப்படி ஒரு மணம்.

முகாமே வந்துவிட்டது. ஒரு தாத்தா தட்டோடு நின்றார். அவர் மனைவி, "இது அப்பமா, ரொட்டியா?" என்று கேட்டார். லெட்சுமி அக்கா, "புளிச்ச பான்கேக்" என்று சுருக்கமாக முடித்து எல்லோருக்கும் மடித்து மடித்துக் கொடுத்தார். சட்னியைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கண்ணீர் விட்ட ஒருவர், தன் கூடாரத்துக்குள் போய்க் கோல்டன் சிரப் என்கிற சர்க்கரைப்பாகு டப்பாவை எடுத்து வந்தார். வெண்ணெயும் சிரப்புமாகத் தோசையைத் தின்றார்கள். பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. தின்று பார்த்தேன். மோசமில்லை.

பண்ணை வீட்டுச் சிறுமிகள் சில பேர், சோடாவோ ஈஸ்டோ போடாமல் மாவு எப்படிப் பொங்கியது என்று கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் வதனி முன்னால் வந்தாள். மர மேசையில் மாவால் ஒரு புள்ளி வைத்தாள். "இது ஒரு கிருமி. கொஞ்ச நேரத்தில் இது இரண்டாகும்." இரண்டு புள்ளி. "இன்னும் அவ்வளவு நேரம் போனால் இரண்டு?" "நாலு!" "நாலு?" "எட்டு!" மேசை நிறையப் புள்ளிகள். ராத்திரி முழுக்க இப்படிப் போனால் எத்தனை ஆகும் என்று கேட்டுவிட்டுப் பேசாமல் நின்றாள். அவர்கள் விரலை மடக்கினார்கள், சண்டை போட்டார்கள், பெரியவர்கள் கூடத் தட்டைப் பிடித்துக்கொண்டு மனக்கணக்குப் போட்டார்கள். வதனியின் ஆங்கிலத்தில் யாழ்ப்பாணம் அப்படியே இருந்தது. ஒருவரும் 'என்ன சொன்னீர்கள்?' என்று கேட்கவில்லை.

அதுவரைக்கும் அவள் பாடம் நடத்தி நான் பார்த்ததே கிடையாது. குரல் வேறு, நிற்கிற நிலை வேறு. எனக்குத் தெரிந்த வதனி தொழிற்சாலையிலிருந்து தோள் வலியோடு வருகிறவள். இவள் யாரோ. தோசைத் திருப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நான் பார்த்துக்கொண்டே நின்றேன், ஒரு தோசை கருகிவிட்டது.

"பாத்துக்க" என்றார் லெட்சுமி அக்கா என் காதருகில். 

மறுநாள் காலை டே ஆரோஹா வெந்நீர் ஊற்றுக்குப் போனோம். மலையிலிருந்து சுடச்சுட வருகிற தண்ணீரைத் தொட்டி கட்டிப் பிடித்து வைத்திருக்கிறார்கள். லெட்சுமி அக்கா நீச்சல் உடை கொண்டுவந்திருந்தார், கழுத்தளவு இறங்கிவிட்டார். நானும் வதனியும் சுடிதாரை முழங்காலுக்குச் சுருட்டிக்கொண்டு காலை மட்டும் விட்டோம். குற்றாலத்தில் தலையில் அடிக்கிற தண்ணீருக்கு ஒரு வீரம் உண்டு. இந்தத் தண்ணீருக்கு அதெல்லாம் இல்லை, காலைப் பிடித்துவிடுகிற மாதிரி சும்மா இருக்கும்.

அங்கே உட்கார்ந்துதான் என் கடைசி அஸ்திரங்களை எடுத்துவிட்டேன். கத்தரிக்காய் கிடைக்காது. ஞாயிற்றுக்கிழமை ஒரு கடை கிடையாது. பையன் தமிழை மறந்துபோவான். "ஒரு சளி பிடிச்சா ரசம் வெச்சுக் கொடுக்க யாருடி இருக்கா அங்க?"

வதனி தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அதில்லை அக்கா. எனக்குப் பயம் வேறை. யாழ்ப்பாணத்திலை வீட்டை விட்டு வெளிக்கிடேக்கை, கெதியா எண்டிச்சினம். அடுப்பிலை சோறு, அப்படியே விட்டிட்டு ஓடினம். கொழும்பிலை லொட்ஜிலை, கெதியா வேறை இடம் பாருங்கோ எண்டிச்சினம். இஞ்சை வந்து பிஸ்கட் பெல்ட்டிலை நிண்டால், சூப்பர்வைசர் மனிசன் பின்னாலை நிண்டு கெதியா கெதியா எண்டு கைதட்டுறான். இப்ப இந்தப் பள்ளிக்கூடம். செவ்வாய்க்கிழமைக்கிடையிலை சொல்லட்டாம். இன்னுமொருக்கா சாமான் கட்ட எனக்கு ஏலாது அக்கா. ஓடி ஓடி நான் களைச்சுப் போனன்."

கெதியா என்றால் சீக்கிரம். அவள் வாயில் அந்த வார்த்தையை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன், பிள்ளையை அதட்ட, பஸ்ஸைப் பிடிக்க. அது அவளைத் துரத்திக்கொண்டே வந்த வார்த்தை என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. கத்தரிக்காயைப் பற்றிப் பேசினோமே என்று வெட்கமாக இருந்தது. நான் ஜெயித்துவிட்டேன் என்றும் தோன்றியது. அவள் வேண்டாம் என்று சொல்லப் போகிறாள். எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும்.

இருந்தாலும் வந்ததற்குப் பள்ளிக்கூடத்தைப் பார்த்துவிட்டுப் போவோம் என்றார் லெட்சுமி அக்கா. அந்த ஊரின் பெயரைச் சொல்லப் போவதில்லை, சின்ன ஊர், எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். ஒரு பெரிய தெரு, அதில் வங்கி, கசாப்புக் கடை, பண்ணைச் சாமான் கடை எல்லாம் பூட்டிக் கிடந்தன. தெருக்கோடியில் ஒரு தேவாலயம். பள்ளிக்கூடம் ஊருக்கு வெளியே. பொன்மலை ரயில்வே காலனியில் கூட ஞாயிறு மதியம் இதைவிடக் கலகலப்பாக இருக்கும். இதைச் சொல்ல வாயெடுத்தேன், வேண்டாம் என்று மூடிக்கொண்டேன்.

ஊரைத் தாண்டிப் பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் லெட்சுமி அக்கா திடீரென்று பிரேக் போட்டார். சாலை முழுக்க மாடுகள். மாலைக் கறவைக்காக ஒரு பக்கத்து மேய்ச்சல் நிலத்திலிருந்து மறுபக்கத்துக் கறவைக் கொட்டகைக்குப் போய்க்கொண்டிருந்தன. முதல் மாடு எப்போது போனதோ, கடைசி மாடு எங்கே இருந்ததோ, கண்ணுக்குத் தெரிந்த வரை மாடுகள்தான். மடி கனத்து, கால் அகட்டி, ஒன்றன் பின் ஒன்றாக, நடுவில் நின்று எங்களை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, மறுபடியும் நடந்து. எங்களுக்கு எதிரே ஒரு பால் லாரியும் நின்றது. அதன் ஓட்டுநர் என்ஜினை அணைத்துவிட்டுச் செய்தித்தாளை விரித்துவிட்டார்.

லெட்சுமி அக்காவின் கை ஹாரனுக்குப் போனது. பொட்டலம் கொடுக்கிற வேலை, பழக்கம் விடாது. வதனி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விடுங்கோ அக்கா. போகட்டும்."

மாடுகளுக்குப் பின்னால் நாலு சக்கரப் பைக்கில் ஒரு அம்மா வந்தார். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், உடம்பு முழுக்கச் சேறு, பற்களில் ஒன்று இல்லை. எங்கள் ஜன்னல் பக்கம் ஒதுங்கி நிறுத்தி, காக்க வைத்ததற்கு மன்னிப்புக் கேட்டார். எங்கே போகிறீர்கள் என்று விசாரித்தார்.

"பள்ளிக்கூடத்தைப் பார்க்க. எனக்கு அங்கே கணக்கு வேலை தந்திருக்கிறார்கள்" என்றாள் வதனி.

அந்த அம்மா பைக்கை அணைத்தார். "ஆக்லாந்திலிருந்து வருகிற டீச்சர் நீங்கள்தானா? என் மகளுக்கு வருடம் தொடங்கியதிலிருந்து விளையாட்டு வாத்தியார்தான் கணக்கு சொல்லித் தருகிறார். நல்ல மனிதர், பாவம், அவருக்கும் ஒன்றும் தெரியாது."

வதனி சிரித்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, "நான் இன்னும் பதில் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை சொல்ல வேண்டும். எனக்கு முடிவு செய்ய முடியவில்லை" என்று முன்பின் தெரியாத அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டாள்.

அந்த அம்மா மாடுகளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "செவ்வாய்க்கிழமை என்பது ஆபீஸில் இருக்கிறவர்கள் எழுதுகிற எழுத்து. நானும் அந்தப் பள்ளிக்கூட நிர்வாகக் குழுவில்தான் இருக்கிறேன். இவ்வளவு நாள் காத்திருந்துவிட்டோம், இன்னும் கொஞ்ச நாள் காத்திருக்கத் தெரியாதா? அவசரமே இல்லை. உங்களுக்கு எப்போது தோதோ அப்போது வாருங்கள்." கடைசி மாடு கடந்தது. அது நொண்டி மாடு, மெதுவாகத்தான் போனது. அந்த அம்மா அதை அதட்டவில்லை. அதன் வேகத்துக்குப் பைக்கை உருட்டிக்கொண்டே பின்னால் போனார். எதிரே லாரிக்காரர் செய்தித்தாளை மடித்தார்.

வழி விட்டுவிட்டது, ஆனால் நாங்கள் கிளம்பவில்லை. வதனி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். அந்த அம்மா ஆங்கிலத்தில் சொன்னதை அவள் தனக்குத்தானே தமிழில் சொல்லிப் பார்ப்பது கேட்டது.

"அவசரமில்லையாம். ஆறுதலா வரட்டாம்."

இரண்டாவது தரம் சொன்னபோது அவள் குரல் உடைந்துவிட்டது. நான் தோளில் கை வைத்தேன். "மனசைத் திடப்படுத்திக்கோ" என்கிற வழக்கமான வேடிக்கை வாய் வரை வந்தது. சொல்லவில்லை. அவள் அழுது முடிக்கிற வரைக்கும் அந்தச் சாணி வாசனைக்கு நடுவே அப்படியே உட்கார்ந்திருந்தோம். லெட்சுமி அக்கா கூட என்ஜினைப் போடவில்லை.

பள்ளிக்கூடத்தைப் பார்த்தோம். பூட்டியிருந்தது. ஜன்னல் கண்ணாடியில் முகத்தை வைத்து வகுப்பறைக்குள் பார்த்தாள் வதனி. கரும்பலகையில் யாரோ போட்டிருந்த ஒரு கணக்கு தப்பு என்று சொன்னாள். விளையாட்டு வாத்தியாராக இருக்கும் என்றோம்.

ஊருக்குள் திரும்பியதும் மூடியிருந்த டெய்ரிக்கு வெளியே ஒரு தொலைபேசிக் கூண்டு தெரிந்தது. வதனி போன் அட்டையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். எங்களுக்கு அவள் கணவர் பேசுவது கேட்காது, கண்ணாடிக் கதவு வழியாக இவள் பேசுவது மட்டும் துண்டு துண்டாக வந்தது. முதலில் பிள்ளை சாப்பிட்டானா என்றாள். பிறகு வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, "ஓம்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "ஓம் அப்பா, ஓம்" என்றாள். அவள் ஊரில் ஆமாம் என்பதற்கு ஓம், புருஷனுக்கு அப்பா. அந்த ஓம் எதற்கு என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

லெட்சுமி அக்கா என்னைப் பார்க்காமல் முன்பக்கக் கண்ணாடியைத் துடைத்தார். "பசியாறலாமா? இந்த ஊர்ல எதாச்சும் தப்பாவ் கெடைக்குதா பாப்போம்" என்றார். பொட்டலம் கட்டி வாங்குவதற்கு அவர் ஊரில் தப்பாவ். ஒரே ஒரு கடை திறந்திருந்தது. மீனும் உருளைக்கிழங்கும் வாங்கி, செய்தித்தாளில் சுற்றியதை மடியில் வைத்துக்கொண்டு மூவரும் தின்றோம். நான் பாதியிலேயே மடித்து வைத்துவிட்டேன். உப்பு அதிகம் என்று சொல்லி வைத்தேன்.

திங்கட்கிழமை திரும்பி வந்த வழியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பாட்டில் சிலைக்கு மறுபடியும் வணக்கம் வைத்தோம். மாவு வாடை வண்டியை விட்டுப் போகவே இல்லை. வண்டியைத் திருப்பிக் கொடுத்தபோது வாடகைக் கடைப் பையன் மூக்கைச் சுளித்துக்கொண்டு, "பீர் கொட்டிவிட்டதா?" என்று கேட்டான். மூன்று குடும்பப் பெண்களும் தலையைக் குனிந்துகொண்டு ஆமாம் என்றோம், தோசை மாவை விளக்கத் தெம்பில்லாமல். அந்த வெள்ளிக்கிழமை பூஜையில் நாங்கள் குடித்துவிட்டு ஊர் சுற்றியதாகப் பேச்சு வந்தது. அது எப்படிக் கிளம்பியதோ தெரியவில்லை.

ஜனவரியில் வதனி போய்விட்டாள். முதல் சில மாதம் எனக்கு அவள் மேல் கோபம்தான். ஒடாஹுஹுக் கடையில் கறிவேப்பிலையை முழுக் கட்டாக வாங்கி, பாதியைக் காயவிட்டு எறிவேன். போகிறேன் போகிறேன் என்று சொல்லிப் போகவே இல்லை. வேலை, பிள்ளைகள், காரணத்துக்கா பஞ்சம்?

அந்த வருடம் குளிர்காலம் முடிகிற சமயத்தில் ஒருநாள் விடிகாலை திருச்சியிலிருந்து போன் வந்தது. தம்பி. அப்பா தூக்கத்திலேயே போய்விட்டார். விமானத்தில் இடம் தேடினோம். எப்படிப் போனாலும் தகனம் முடிந்த பிறகுதான் போய்ச் சேர முடியும் என்றார்கள். காத்திருக்க வேண்டாம் என்று நானே தம்பியிடம் சொல்லிவிட்டேன். நாக்கை நீட்டுகிற மாட்டுப் படத்தை அப்பா டிவி மேலே வைத்து வருகிறவர்களிடமெல்லாம் காட்டிக்கொண்டிருந்தாராம். தம்பி அதைச் சொன்ன பிறகு என்னால் வீட்டுக்குள் இருக்க முடியவில்லை.

வதனிக்குப் போன் செய்தேன். என்ன சொன்னேன் என்று ஞாபகமில்லை. அப்பா என்று மட்டும் சொல்லியிருப்பேன். புறப்பட்டு வருகிறேன், வந்து சேர மதியத்துக்கு மேல் ஆகிவிடும் என்று சொன்னேன். 

"ஆறுதலா வாங்கோ அக்கா" என்றாள்.

கணவர் கூட வருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன். தனியாக ஓட்டினேன். பாம்பே மேடு, தட்டைப் பச்சை, வாய்க்கால், பாட்டில் சிலை. பின்னால் வந்த வண்டிகளெல்லாம் என்னை முந்திக்கொண்டு போயின. அந்த ஊர் எல்லையைத் தொட்டபோது சாயங்கால வெயில். பள்ளிக்கூடத்துச் சாலையில்தான் அவளுக்கு வீடு கொடுத்திருந்தார்கள். வளைவு திரும்பினதும் பிரேக் போட வேண்டியிருந்தது. மாடுகள்.

என்ஜினை அணைத்தேன். கறுப்பும் வெள்ளையுமாக ஒன்றன் பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. அவற்றின் முதுகுகளுக்கு மேலே, சாலையின் மறுபக்கத்தில் ஒருத்தி நின்றாள். கறவை நேரம் தெரிந்து வைத்துக்கொண்டு, நான் இங்கேதான் மாட்டிக்கொள்வேன் என்று கணக்குப் போட்டு, வீட்டிலிருந்து நடந்தே வந்து நின்றிருக்கிறாள். வெள்ளைச் சேலை. அதற்குக் கீழே ரப்பர் பூட்ஸ்.

கதவைத் திறந்து இறங்கினேன். இடையில் மாடுகள், அவள் இந்தப் பக்கம் வர முடியாது, நான் அந்தப் பக்கம் போக முடியாது. நான் அழுதுகொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டுக் கையைத் தூக்கிக் காட்டி என்னவோ சொன்னாள். மாடுகளின் சத்தத்தில் காதில் விழவில்லை. உதடு அசைந்ததிலேயே தெரிந்துவிட்டது, "ஆறுதலா அக்கா, ஆறுதலா."